இடைவேளையில் வளரும் வேகம்

நெடுந்தூரம் ஓட விரும்புபவர் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடிப் பழகினாற் போதும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதில் அடங்கிவிடவில்லை. நாள்தோறும் ஆறு மைல் தூரத்தை மெதுவாக ஓடுபவருக்கு, ஆறு மைல் தூரத்தை மெதுவாக ஓடும் ஆற்றலே முதற்கண் வந்து சேர்கின்றது. போட்டி நாளிலே அவரிடம் வேண்டப்படுவது வேகம். பயிற்சியில் ஒருபொழுதும் பழகாத வேகத்தைப் போட்டியில் மட்டும் கால்களிடம் எதிர்பார்ப்பது எங்ஙனம்?

அப்படியாயின், போட்டித் தூரம் முழுவதையும் போட்டி வேகத்திலேயே நாள்தோறும் ஓடிப் பழகலாமே என்று சிலர் கேட்கக்கூடும். உடல் அதற்கு இடங்கொடாது. ஒவ்வொரு நாளும் ஒரு போட்டியாகிவிட்டால், சில வாரங்களுக்குள் கால்கள் கனத்துவிடும், உறக்கம் கெடும், ஓட வேண்டும் என்ற விருப்பமே அற்றுப்போகும். மெதுவாக ஓடினால் வேகம் வாராது. வேகமாக ஓடினால் உடல் தாங்காது. இந்த இக்கட்டுக்கு இருபதாம் நூற்றாண்டின் ஓட்டவீரர்களும் பயிற்றுநர்களும் கண்ட விடையே இடைவேளைப் பயிற்சி என்பது. தூரத்தைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் வேகமாக ஓடி, கூறுகளுக்கு இடையே அளவான ஓய்வு கொள்வதே அதன் சாரம்.

ஓர் உதாரணத்தால் இதனை எளிதில் விளக்கலாம். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்தில் ஓட வேண்டுமானால், 440 யார் கொண்ட சுற்று ஒவ்வொன்றையும் 60 செக்கனில் ஓட வேண்டும். நான்கு சுற்றுகளையும் இந்த வேகத்தில் தொடர்ந்து ஓட இயலாதவர், ஒரு சுற்றை மட்டும் ஓட வல்லவராயிருக்கலாம். அவர் ஒரு சுற்றை 60 செக்கனில் ஓடி, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மறுபடியும் ஒரு சுற்று ஓடுகின்றார். இவ்வாறு பத்துத் தடவை ஓடி முடிக்கும்பொழுது, போட்டி வேகத்தில் அவர் கடந்த தூரம் இரண்டரை மைலாகிவிடுகின்றது. போட்டியிற் கடக்க வேண்டியதோ ஒரு மைல் மட்டுமே. தொடர்ந்து ஓடினால் எட்டமுடியாத அளவு வேலையை, இடையில் வைத்த ஓய்வு எட்டவைத்துவிட்டது.

இப்பயிற்சியில் நான்கு அளவுகள் உண்டு. ஓடும் கூற்றின் தூரம் ஒன்று. அதனை ஓடும் வேகம் இரண்டாவது. இடைவேளையின் நீளம் மூன்றாவது. எத்தனை தடவை என்ற எண்ணிக்கை நான்காவது. இந்நான்கில் ஒன்றை மாற்றினாலும் பயிற்சியின் தன்மை மாறிவிடும். 400 மீற்றர் தூரத்தை மிக விரைவாக ஓடி ஐந்து நிமிடம் ஓய்வு கொள்வது ஒருவகைப் பயிற்சி. அதனையே சற்று வேகங் குறைத்து ஓடி, ஒரு நிமிடம் மட்டும் ஓய்வு கொள்வது முற்றிலும் வேறொரு பயிற்சி. முன்னையது விரைவை வளர்க்கும். பின்னையது நீடித்து ஓடும் திறனை வளர்க்கும். அளவுகள் இவ்வளவு முக்கியமாதலாலேயே இப்பயிற்சி ஓட்டச் சுவட்டில் நடத்தப்படுகின்றது. மேடும் பள்ளமும் நிறைந்த தெருவில் இன்றைய ஓட்டத்தையும் நேற்றைய ஓட்டத்தையும் ஒப்புநோக்குவது அரிது. சுவட்டின் உட்பாதையிலே ஒரு சுற்று 400 மீற்றர் என்பது என்றும் மாறாத அளவு. கையில் ஒரு நிறுத்தற் கடிகாரம் இருந்தால், ஓடியவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள இயலாது.

கடிகாரத்தைத் துணைக்கொண்ட முன்னோடி பின்லாந்து நாட்டுப் பாவோ நூர்மி. 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் ஒன்பது தங்கப் பதக்கங்களை வென்ற அவர், கையிற் கடிகாரத்துடன் ஓடுவதைப் பலரும் வியப்புடன் நோக்கினர். ஆயினும் இடைவேளை என்பதற்கு விஞ்ஞான முறையில் ஓர் அளவு வகுக்க முயன்றவர்கள் ஜேர்மனி நாட்டவர் இருவர். ஒருவர் வொல்டெமார் கேர்ஷ்லர் என்னும் பயிற்றுநர். மற்றவர் ஹேர்பேர்ட் றைன்டெல் என்னும் இருதய வைத்தியர். கேர்ஷ்லரின் மாணவரான றூடோல்ப் ஹார்பிக் 1939ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மிலான் நகரிலே 800 மீற்றர் தூரத்தை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடினார். அதற்கு முந்திய உலக சாதனையிலும் இது 1.8 செக்கன் குறைவானது. அடுத்த மாதமே 400 மீற்றரிலும் 46.0 செக்கனில் உலக சாதனை நிலைநாட்டினார். போர் அவரை விட்டுவைக்கவில்லை; 1944ஆம் ஆண்டிற் போர்முனையில் உயிர்நீத்தார். அவருடைய 800 மீற்றர் சாதனையோ 1955 வரை, பதினாறு ஆண்டுகள் முறியடிக்கப்படாதிருந்தது.

கேர்ஷ்லரும் றைன்டெலும் பிரைபேர்க் நகரில் வகுத்த முறையின் அளவுகோல் நாடித் துடிப்பாகும். 100 மீற்றர் அல்லது 200 மீற்றர் போன்ற குறுந்தூரத்தை வேகமாக ஓடும்பொழுது நாடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 வரை உயரும். ஓடி முடிந்ததும் அது 120க்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கியதும் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கலாம். 90 செக்கனுக்குள் நாடி இறங்கவில்லையாயின், ஓடிய வேகம் மிகை, அல்லது அன்றைக்கு ஓடிய எண்ணிக்கை போதும் என்பது பொருள். ஓட்டத்தைக் காட்டிலும் அதனைத் தொடரும் ஓய்வு வேளையிலேயே இருதயம் வலுப்பெறுகின்றது என்பது அவர்கள் கொள்கை. நாடி வேகமாக இறங்கும் அந்தச் சிறு பொழுதில், கால்களிலிருந்து திரும்பும் குருதி இருதயத்தை நிரப்பி விரியச் செய்கின்றது என்று அவர்கள் கருதினர். பயிற்சிக்கு ஓட்டத்தின் பெயரை இடாமல் இடைவேளையின் பெயரை இட்டதன் காரணமும் இதுவே.

பின்னர் வந்த ஆராய்ச்சி இக்கொள்கையை ஓரளவு திருத்தியமைத்தது. 1960ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு உடற்றொழிலியலாளர் வெளியிட்ட சோதனைகள் இங்கே குறிப்பிடத்தக்கவை. நிலையான மிதிவண்டியில் மிகக் கடுமையான வேலையை இடைவிடாது செய்தவர் சில நிமிடங்களிலே களைத்து நிறுத்திவிட்டார். அதே வேலையைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றுக்கும் சமமான ஓய்வு கொடுத்தபொழுது, ஒரு மணிநேரம்வரை அவராற் செய்ய முடிந்தது. கூறுகள் சிறியனவாக ஆக, குருதியிற் சேர்ந்த இலற்றிக்கமிலத்தின் அளவும் குறைந்தது. ஓய்வு தானாக உடலை வளர்ப்பதில்லை. இருதயமும் தசைகளும் தம் உச்ச எல்லைக்கு அருகில் நின்று தொழிற்படும் மொத்த நேரத்தை அது நீட்டித் தருகின்றது. உடலை மாற்றுவது அந்த மொத்த நேரமே என்பது இன்றைய விளக்கம்.

அம்மாற்றங்கள் எவை? இருதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகின்றது. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதியை வெளியேற்றும். நன்கு பயின்ற நெடுந்தூர வீரரின் இருதயம் கடும் ஓட்டத்தின்பொழுது முப்பது லீற்றருக்கு மேலும் வெளியேற்ற வல்லது. தசைகளைச் சூழ்ந்த மயிர்த்துளைக் குழாய்கள் பெருகுகின்றன. தசைக் கலங்களுக்குள்ளே ஒட்சிசனைக் கொண்டு சத்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகளும் பெருகுகின்றன. இலற்றிக்கமிலம் என்பது தசையை முடக்கும் கழிவுப்பொருள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் உப்பாகிய இலற்றேற்றை இருதயமும் ஏனைய தசைகளும் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இடைவேளையில் அசையாது நிற்பதைவிட மெல்லென ஓடுவது நன்று என்று பயிற்றுநர் கூறுவதன் நியாயம் இதுவே. தொழிற்படும் தசை அதனை விரைவாகச் செலவிட்டுவிடும்.

இப்பயிற்சியின் புகழை உலகெங்கும் பரப்பியவர் செக்கோசுலோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிப் பின்னர் இராணுவத்திற் சேர்ந்தவர் அவர். மெதுவாக ஓடத் தமக்கு முன்பே தெரியும், கற்க வேண்டியது வேகமாக ஓடுவதையே என்பது அவர் நினைப்பு. 400 மீற்றரை இருபது தடவையும், பின்னாளில் நாற்பது தடவையும், இடையே 200 மீற்றர் மெல்லோட்டத்துடன் ஓடினார். 1948ஆம் ஆண்டு இலண்டனில் 10,000 மீற்றரில் வென்ற அவர், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்றார். மரதன் ஓட்டத்தில் அவர் கலந்துகொண்டது அதுவே முதற்றடவை. ஒரே ஒலிம்பிக் விழாவில் இம்மூன்றையும் வென்றவர் வேறெவரும் இலர்.

சாட்டோபெக்கின் வெற்றியைக் கண்ட இளைஞர் பலர் அவருடைய எண்ணிக்கையைப் பின்பற்ற முனைந்தனர். அவ்வெண்ணிக்கையை எட்டும்வரை அவர் கடந்து வந்த ஆண்டுகளை அவர்கள் எண்ணவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே முற்றும் பொருந்தும். வேகமாக ஓடும்பொழுது குதிக்கால் நரம்பும் முழந்தாளும் கணைக்கால் எலும்பும் தாங்கும் சுமை பெரிது. இருதயம் சில வாரங்களிற் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழகுவதற்குப் பல மாதங்கள் வேண்டும். நெஞ்சு இடங்கொடுக்கின்றது என்று காலை வருத்துபவர் ஒரு பருவம் முழுவதையும் இழக்க நேரிடும்.

ஓய்வின் பெறுமதியை இன்னொரு வகையில் உணர்த்துவது ரோஜர் பானிஸ்ரரின் வரலாறு. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் நடைபெற்ற 1,500 மீற்றர் இறுதியோட்டத்தில், கேர்ஷ்லரிடம் பயின்ற லக்சம்பேர்க் நாட்டு வீரர் ஜோசி பார்தெல் முதலிடம் பெற்றார். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட பானிஸ்ரருக்கு நான்காம் இடமே கிடைத்தது. ஓட்டத்தைக் கைவிடாமல், நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் என்ற இலக்கை அவர் மேற்கொண்டார். அப்பொழுது அவர் இலண்டனில் வைத்திய மாணவர். பயிற்சிக்குக் கிடைத்த நேரமோ பகலுணவு வேளையிற் சிறு பொழுது மட்டுமே. நீண்ட ஓட்டங்களுக்கு வசதியில்லாத அவருக்கு இடைவேளைப் பயிற்சியே ஏற்றதாயிற்று.

1953ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அவரும் தோழர்களும் பத்துத் தடவை 440 யார் ஓடும் பயிற்சியைத் தொடங்கினர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையில் இரண்டு நிமிட ஓய்வு. தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு 66 செக்கன் எடுத்தது. குளிர்காலம் கழியக் கழிய நேரமும் குறைந்தது. ஏப்பிரல் மாதம் வந்தபொழுது 61 செக்கனை எட்டிவிட்டனர். அதற்கப்பால் அசைவில்லை. எவ்வளவு முயன்றாலும் 61, வேண்டியதோ 60. பருவமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவுஸ்திரேலியாவில் ஜோன் லாண்டி என்பவரும் அதே இலக்கை நாடி ஓடிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் மேலும் கடுமையாக ஓட வேண்டும் என்பதே பலருடைய தீர்ப்பாயிருக்கும். பானிஸ்ரரோ தோழர் கிறிஸ் பிறாஷருடன் ஸ்கொத்லாந்துக்குச் சென்று, சில நாள்களை மலையேறுவதிற் கழித்தார். மலையேறுதலும் உடலுக்கு வேலையே. ஆனால் சுவட்டிலிருந்தும் கடிகாரத்திலிருந்தும் அது விடுதலை அளித்தது. திரும்பி வந்து சில நாள்களுக்குப்பின் அதே பயிற்சியை மேற்கொண்டபொழுது, சுற்றுக்கு 59 செக்கனில் ஓட முடிந்தது. ஐந்து மாதப் பயிற்சி அவர்கள் உடலிற் சேர்த்துவைத்த வலிமை முன்னரே அங்கு இருந்தது. சேர்ந்துகிடந்த களைப்பு அதனை மறைத்துவைத்திருந்தது. போட்டிக்குச் சில நாள்களுக்கு முன்பும் அவர் கடும் பயிற்சியை நிறுத்திவிட்டார். 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, ஒக்ஸ்பேர்ட் நகரின் இப்லி வீதி மைதானத்தில், முதலிற் பிறாஷரும் பின்னர்க் கிறிஸ் சற்றவேயும் வேகம் வகுத்துக் கொடுக்க, பானிஸ்ரர் 3 நிமிடம் 59.4 செக்கனில் ஒரு மைல் ஓட்டத்தை முடித்தார்.

ஆகவே இடைவேளை இருவகைப்படும். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே நிமிடக் கணக்கில் அமைவது ஒன்று. இரண்டு கடும் பயிற்சிகளுக்கு நடுவே நாட்கணக்கில் அமைவது மற்றொன்று. முன்னதைக் கடிகாரத்தால் அளந்து பேணுபவர் பின்னதை மறந்துவிடலாகாது.

இனி, ஒரு சாதாரண ஓட்டவீரருக்கு இப்பயிற்சியை எவ்வாறு வகுப்பது என்பதைப் பார்க்கலாம். 5,000 மீற்றர் தூரத்தை 20 நிமிடத்தில் ஓட விரும்புபவரின் வேகம் 400 மீற்றருக்கு 96 செக்கன் ஆகும். அவர் முதலில் இரண்டு கிலோமீற்றர் மெல்லென ஓடி, கைகால்களை அசைத்து உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். பின்னர் 400 மீற்றரை 94 முதல் 96 செக்கனுக்குள் ஓடி, 200 மீற்றர் மெல்லோட்டத்தை இடைவேளையாகக் கொள்ளலாம். முதல் வாரத்தில் ஆறு தடவை போதும். இரண்டு வாரங்களுக்கு ஒன்று என எண்ணிக்கையைக் கூட்டிச் சென்றால், சில மாதங்களிற் பன்னிரண்டை எட்டலாம். அப்பொழுது போட்டி வேகத்தில் ஓடிய மொத்தத் தூரம் 4,800 மீற்றர். அதாவது, போட்டித் தூரத்துக்கு ஏறத்தாழச் சமம். முடிவில் மெல்லென ஓடி உடலைத் தணிக்க வேண்டும். வாரத்தில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை இதனைச் செய்யலாம். இடையில் இரண்டு நாளாயினும் இலகுவான ஓட்டம் அமைதல் வேண்டும்.

சில விதிகள் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கவை. நான்கு அளவுகளுள் ஒரே வேளையில் ஒன்றைமட்டுமே மாற்ற வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டும் வாரத்தில் வேகத்தையும் கூட்டலாகாது. முதல் ஓட்டமும் கடைசி ஓட்டமும் ஒரே நேரத்தில் முடிவதே செம்மையான பயிற்சி. முதலாவதை 88 செக்கனில் ஓடிக் கடைசியை 104 செக்கனில் ஓடியவர் போட்டி வேகத்தைக் கற்கவில்லை, சோர்ந்துபோவதையே கற்றார். நேரம் தளரத் தொடங்கினால் அன்றைய பயிற்சியை நிறுத்துவதே அறிவுடைமை. இன்னும் ஒன்றிரண்டு ஓடலாம் என்ற தெம்புடன் சுவட்டைவிட்டு நீங்குவது நன்று.

நாடியை அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துப் பத்துச் செக்கனில் இருபது துடிப்பு என எண்ணினால், நிமிடத்துக்கு 120 என்பது கணக்கு. எனினும் வயதுக்கும் உடல்வாகுக்கும் ஏற்ப இது வேறுபடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் உடலைத் தணிப்பதற்காகக் குருதியின் ஒரு பங்கு தோலை நாடிச் செல்வதால், நாடி இறங்குவது தாமதமாகும். அங்கே விடியற்காலையிலோ வெயில் தணிந்த மாலையிலோ ஓடுவதும், இடைவேளையைச் சற்று நீட்டுவதும் தகும். சுவட்டின் வளைவுகளில் என்றும் இடப்புறமாகவே திரும்பி ஓடுவதால் கால்கள் இரண்டிலும் சுமை சமமாக விழுவதில்லை. மெல்லோட்டத்தை எதிர்த்திசையில் ஓடுவது இதற்கு ஓரளவு பரிகாரமாகும். இருதய நோயோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி இப்பயிற்சியில் இறங்கலாகாது.

இடைவேளைப் பயிற்சி ஒன்றே போதும் என்று எண்ணுவதும் தவறு. நியூசிலாந்தின் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் தம் மாணவர்களை முதலிற் பல மாதங்கள் வாரத்துக்கு நூறு மைல் என்ற கணக்கில் வீதிகளில் ஓடவைத்தார். மேடேறும் ஓட்டம் அதன்பின் வந்தது. சுவட்டில் வேகப் பயிற்சி இறுதி வாரங்களுக்கே உரியதாயிற்று. 1960ஆம் ஆண்டு றோம் ஒலிம்பிக் விழாவில் அவருடைய மாணவர்களான பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மறே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றனர். நீண்ட மெல்லோட்டம் அத்திவாரம்; இடைவேளைப் பயிற்சி அதன்மேல் எழும் சுவர். அத்திவாரமின்றிச் சுவர் நில்லாது. அத்திவாரத்தோடு நின்றுவிட்டால் வீடும் ஆகாது.

இன்றைய காலத்தில் நோர்வே நாட்டு வீரர்கள் இம்முறையை மேலும் நுட்பமாக்கியுள்ளனர். ஓட்டங்களுக்கு நடுவே ஒரு துளி குருதி எடுத்து, அதிலுள்ள இலற்றேற்றின் அளவைச் சோதித்து, அது எல்லை கடக்காதவாறு வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றனர். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் 1,500 மீற்றரிலும், 2024இல் பாரிஸ் நகரில் 5,000 மீற்றரிலும் வென்ற யாக்கொப் இங்கபிரிக்ற்சன் இம்மரபில் வளர்ந்தவர். நூர்மியின் கையில் இருந்தது கடிகாரம். கேர்ஷ்லர் நாடியை எண்ணினார். இன்று குருதி சோதிக்கப்படுகின்றது. கருவி மாறினும் கேள்வி ஒன்றே: ஓடுபவர் இன்று எவ்வளவு ஓடினால், மறுபடியும் நன்றாக ஓட வல்லவராயிருப்பார்?

அக்கேள்விக்கு விடை காண்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் இல்லாத பாடசாலை மைதானமும் போதியது. அளந்து குறித்த ஒரு சுற்று, ஒரு கடிகாரம், முன்னைய வாரத்தின் நேரங்களைக் குறித்துவைத்த ஒரு கொப்பி ஆகிய மூன்றும் இருந்தாற் பயிற்சியைத் தொடங்கலாம். அந்தக் கொப்பியிலே ஓடிய நேரங்களுக்குப் பக்கத்தில் ஓய்ந்த நேரங்களையும் ஒழுங்காக எழுதிவைப்பவருக்கு, தம் உடலின் எல்லை எதுவென்பதும் அவ்வெல்லை மாதந்தோறும் எவ்வாறு விரிகின்றது என்பதும் நாளடைவிற் புலனாகும்.